நர்ஸம்மா பதில்கள்: பாலுக்கு டெஸ்ட் உண்டு, ஆளுக்கு?

திருவண்ணாமலை மாவட்டத்துத் துணை சுகாதார நிலையங்களில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரார் வாயில் 'நர்ஸம்மா'. இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவத் துறை மாணவர்களைக் கிராமங்களுக்கு அழைத்துப் போகிறார். இந்த இதழில் வாசகர்களுக்கு அவருடைய பதில்கள்.

கேள்வி: எங்கள் துறையில் 'சுகாதாரத்தில் சமூகப் புத்தாக்க மையம்' ஒன்று தொடங்கப் போகிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருப்பதைப் போல என்கிறார்கள். அங்கே என்னதான் செய்வார்கள்? புது மருந்தா, புதுக் கருவியா?
(பொது சுகாதார முதுநிலை மாணவி, சேலம்)

மருந்தும் கருவியும் வரலாம், வராமலும் போகலாம் மகளே. எனக்கு அந்தச் சொல் புரிந்ததே ஒரு பால் சொசைட்டி வாசலில்தான். அங்கிருந்தே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஊர்களில் ஒன்றில் வீட்டுக்கு இரண்டு மாடாவது இருக்கும். 2009 தை மாதம், ஐம்பது வயதுகூட ஆகாத ஒருவர் காலையில் பால் ஊற்றிவிட்டு, கேனை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆறு மாதத்துக்குள் அதே தெருவில் இன்னொருவர். இரண்டு பேருக்கும் இரத்தக் கொதிப்பு இருந்திருக்கிறது, அவர்களுக்கே தெரியாது. என் துணை சுகாதார நிலையம் அந்தத் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் அந்த ஊர் ஆம்பளைகளுக்கு அது புள்ளத்தாச்சிகள் போகிற இடம். நாற்பது வயது ஆள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன ஏது என்று கேட்பார்கள்.

சொசைட்டியில் பால் பரிசோதிக்கிறவர் ஒருநாள் என்னை நிறுத்திச் சொன்னார்: "தினம் ரெண்டு வேளை ஒவ்வொருத்தர் பாலுக்கும் டெஸ்ட் பண்றோம் நர்ஸம்மா. ஊத்துற ஆளுக்கு ஒரு டெஸ்ட் இல்லையே. நீங்க இங்கயே வந்து உக்காருங்களேன்."

செவ்வாயும் வெள்ளியும் காலை ஐந்தரை மணிக்குப் போய் உட்கார்ந்தேன். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற அதே பி.பி. மெஷின். முதல் வாரம் யாருக்குப் பார்த்தாலும் கூடுதலாகவே காட்டியது. கேனைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு மேட்டில் மிதித்து வந்த கையோடு பார்த்தால் வேறெப்படிக் காட்டும்? ஐந்து நிமிடமாவது சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காருங்கள் என்றால் அந்த நேரத்தில் யார் உட்காருவார்கள்? அதற்கும் அவரே வழி சொன்னார். பால் ஊற்றியதும் சாம்பிள் எடுத்து, கொழுப்புப் பார்த்து, அட்டையில் எழுதித் தருவார். அந்த அட்டைக்காக எல்லோரும் நிற்பார்கள். அந்த இடத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, "அட்டை இங்கதான் வரும்" என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்தார்கள். அட்டை வருவதற்குள் மூச்சு அடங்கிவிடும். அதே அட்டையின் பின்பக்கத்தில் நான் பி.பி. அளவை எழுதுவேன். மேலே 140, கீழே 90, இந்த இரண்டில் ஒன்று எட்டினாலும் சிவப்புப் பென்சிலால் ஒரு சுழி. இன்னொரு நாளும் சுழி விழுந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு.

அந்த நேரத்தில் பாதிப் பேர் வெறும் வயிறு என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ் குளுக்கோமீட்டரோடு வந்த நாட்களில் சாப்பிடாமல் பார்க்க வேண்டிய சுகரையும் பார்த்துவிட்டோம். பக்கத்து டீக்கடைக்காரர் அந்த நாட்களில், "கையக் காமிச்சிட்டு வா, அப்புறம் டீ" என்று திருப்பி அனுப்புவார்.

மெஷின் ஏற்கெனவே இருந்தது, பெஞ்சு இருந்தது, கூட்டமும் இருந்தது. இவற்றைச் சேர்த்து வைத்த ஒரு யோசனைதான் புதுசு. அதுவும் டாக்டரிடமிருந்து வரவில்லை, என்னிடமிருந்தும் வரவில்லை. சேவை போய்ச் சேராத இடத்துக்கு, அந்த இடத்து ஆட்களே வழி கண்டுபிடிப்பது. சமூகப் புத்தாக்கம் என்றால் நான் புரிந்துகொண்டிருப்பது இவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன வேலை? உலக சுகாதார நிறுவனத்தில் இயங்கும் வெப்பமண்டல நோய்களுக்கான சிறப்பு ஆய்வுத் திட்டம், 2014-இல் இதற்கென்றே ஒரு முயற்சியைத் தொடங்கியது. கேப்டவுன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களும் இலண்டனின் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் கூடச் சேர்ந்தன. அப்புறம் உகாண்டாவில் மக்கெரேரே, மலாவியில் மருத்துவக் கல்லூரி, பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் மணிலா வளாகம் என்று அந்தந்த நாட்டிலேயே மையங்கள் வந்தன. "உங்கள் ஊரில் யாராவது சுகாதாரத்தில் ஒரு புது வழி கண்டிருந்தால் சொல்லுங்கள்" என்று நாடு முழுக்க அறிவிப்பார்கள். யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வந்தவற்றை ஒரு குழு சலித்துப் பார்க்கும். பிறகு ஆட்கள் நேரில் போய்த் தங்கி, செய்கிறவர்களிடமும் பயன்பெறுகிறவர்களிடமும் கேட்டு, உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுதுவார்கள். எண்ணிப் பார்க்க வேண்டியதை எண்ணுவார்கள். கடைசியில் அதை அரசாங்கத்தின் மேசைக்குக் கொண்டுபோவார்கள். அவர்களுடைய அறிக்கைகளை என் மாணவர்கள் எனக்கு வாசித்துக் காட்டி விளக்கியிருக்கிறார்கள்.

எண்ணிப் பார்ப்பது என்றேன் அல்லவா, எங்கள் பால் சொசைட்டிக்கும் அப்படி ஒருத்தி வந்தாள். சமூக மருத்துவம் எம்.டி. படிக்க வந்த பெண். என் பதிவேட்டை வாங்கி, ஊரின் வீட்டுக் கணக்கெடுப்புப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு நாள் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்: "சிஸ்டர், மாடு இல்லாதவங்க எல்லாம் எங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. ஊரே பார்த்துக்கொண்டுவிட்டது என்று நம்பியிருந்தேன். நிலமும் மாடும் இல்லாத கூலி வீடுகளில், காலனித் தெருவில், ஒரு டிக் கூட இல்லை. பெண்களிலும் பாதிக்கு மேல் இல்லை. பால் கறப்பது அவர்கள், சொசைட்டிக்கு எடுத்து வருவது வீட்டு ஆண்கள். பதினான்கு மாதம் வாரம் இரண்டு நாள் அங்கே உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியவில்லை. கண்ணெதிரே வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவளும் நானும் சேர்ந்து, நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே பெண்கள்தான் அதிகம், காலனிக்காரர்கள் அதிகம், வருகைப் பதிவுக்கு எல்லோரும் ஓரிடத்தில் கூடுவார்கள். கூழ் குடித்துவிட்டு வந்திருப்பார்கள் என்பதால் வெறும் வயிற்று சுகர் கணக்கு அங்கே ஓடாது, பி.பி. மட்டும் பார்த்தோம். புளிய மரத்தடியில் வரப்பில் உட்காரவைத்துப் பார்த்தோம்.

யோசனை ஊருடையது. யார் விடுபட்டார்கள் என்று காட்டியது பல்கலைக்கழகம். உங்கள் மையம் இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தாலே போதும்.

கேள்வி: கல்லூரியிலிருந்து வருகிறார்கள். ஒரு மணி நேரம் கேள்வி கேட்கிறார்கள். கக்கூஸ் இருக்கிறதா, கடன் இருக்கிறதா, எத்தனை குழந்தை இறந்தது என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். திரும்பி வருவதே இல்லை. இனி எதற்குக் கதவைத் திறக்க வேண்டும்?
(விவசாயி, செய்யாறு அருகே)

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. நான் சர்வீஸில் சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். ஒரு கல்லூரியிலிருந்து வந்து, என் பகுதியில் கர்ப்பிணிகளுக்கு இரத்தம் எடுத்தார்கள். வீட்டு வீடாக அழைத்துப் போனது நான். "ரிசல்ட் வரும், வந்ததும் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்தது நான். வரவே இல்லை. இரண்டு முறை கடிதம் எழுதினேன். ஒரு பெண்ணின் மாமியார் பிரசவம் முடிந்து குழந்தை தவழ்கிற வரைக்கும் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்: "எம் மருமவ ரத்தம் என்னாச்சு?" அந்தத் தெருவில் அடுத்த தடுப்பூசி நாளுக்கே கதவு திறக்க யோசித்தார்கள். அவர்கள் பயணப்படி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், போனது என் மேல் இருந்த நம்பிக்கை.

பால் சொசைட்டிக்கு வந்த பெண் அப்படிச் செய்யவில்லை. ஆய்வேட்டைக் கொடுத்துத் தேர்வு எழுதிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்து வந்தாள். அதே பெஞ்சில் உட்கார்ந்து, எத்தனை பேருக்குக் கொதிப்பு, எத்தனை பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று வாசித்துச் சொன்னாள். "மாத்திரை வாங்கப் போனா ஒரு நாள் கூலி போவுது" என்பதுதான் நிறையப் பேர் சொன்ன காரணம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் சொன்னதுதான், ஆனால் எழுத்தில் திரும்பி வந்திருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் அப்போது கிடையாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அது தொடங்கி, தன்னார்வலர் பெண்கள் கொதிப்பு, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதைப் பார்த்தபோது எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது.

தங்கி வேலை செய்த பல்கலைக்கழகத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் தூரத்து ஊர். நடு அமெரிக்காவில் குவாத்தமாலா என்று ஒரு நாடு. அங்கே ஏழைகளின் வீடு நம் பழைய மண்வீடு போலத்தான் இருக்கும். சுவர் விரிசலில் ஒருவகைப் பூச்சி பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் தூங்குகிறவர்களைக் கடித்து இரத்தம் குடிக்கும். கடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே மலம் கழிக்கும். சொறியும்போது அந்தக் கழிவிலிருந்து கிருமி உடம்புக்குள் போகும். சாகஸ் நோய் என்று பெயர். பல வருடம் கழித்து இதயத்தைக் கெடுக்கும். அரசாங்கம் பூச்சிமருந்து அடித்தது. அடித்துவிட்டுப் போன பிறகு சில வீடுகளில் பூச்சி திரும்பத் திரும்ப வந்தது.

சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் ஆய்வகத்தினர் ஹுத்தியாப்பா பகுதிக் கிராமங்களில் இதைப் பார்த்தார்கள். கார்லோட்டா மன்ராய் என்ற பேராசிரியை தலைமையில் நடந்த வேலை. மருந்தின் வீரியத்தைக் கூட்டலாம் என்று அவர்கள் போகவில்லை, விரிசலையே பார்த்தார்கள். வெடிக்காத பூச்சு வேண்டும். சிமெண்ட் வாங்கக் காசு இல்லை. அந்த ஊர்களில் எந்த மண் எங்கே கிடைக்கும், எதோடு எதைக் கலந்தால் நிற்கும் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு, சேர்த்துச் சோதித்துப் பார்த்தார்கள். எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து தரை போட்டார்கள். சுவர் பூசியதில் பெண்கள் பெரும்பங்கு எடுத்தார்கள். வீட்டுக்குள் அடைந்த கோழிகளுக்கு வெளியே கூண்டு போட்டார்கள், ஏனென்றால் அந்தக் கோழி இரத்தமும் பூச்சிக்குச் சாப்பாடு. பூச்சியியல்காரர்களோடு சமூகவியல் படித்தவர்களும் கட்டடம் தெரிந்தவர்களும் ஊரில் உட்கார்ந்தார்கள். பல வருட வேலை. ஹோண்டுராஸ், எல் சல்வடோர் வரை அந்த முறை போனது. பொங்கலுக்கு முன்னால் செம்மண் குழைத்துச் சுவர் பூசி வளர்ந்தவள் நான். சுவர் பூசுவது வைத்தியம் என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

அதனால் கதவைத் திறவுங்கள் ஐயா, ஆனால் திறக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எழுதியதை எப்போது வந்து எங்களுக்குப் படித்துக் காட்டுவீர்கள்? இரத்தம் எடுத்தால் முடிவு எந்தத் தேதிக்குள் கைக்கு வரும்? உங்கள் ஆசிரியர் பெயரும் துறை போன் நம்பரும் என்ன? கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லத் தயங்கினால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, ஸ்கேன் தேதியை நினைவூட்டும் செயலி ஒன்றை எங்கள் குழு உருவாக்கியது. கல்லூரிப் போட்டியில் பரிசும் கிடைத்தது. மூன்று கிராமங்களில் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு மாதத்தில் யாரும் திறப்பதில்லை. எங்கே தவறினோம்?
(பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

தம்பி, அந்த வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது? கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிற 'பிக்மி' பதிவு எண்ணுக்காக நான் அவர்களைப் பதிவு செய்யும்போது ஒரு போன் நம்பர் கேட்பேன். புருஷன் நம்பர் வரும், கொழுந்தன் நம்பர் வரும், பக்கத்து வீட்டுப் பையன் நம்பர் வரும். ஒரு பெண்ணுக்கு "நாளை தடுப்பூசி" என்று போன செய்தியை அவள் புருஷன் நாக்பூரில் லாரியை நிறுத்திவிட்டுப் படித்தார். அவர் நல்ல மனிதர், உடனே எனக்குப் போன் போட்டு, "அவகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா" என்றார். செய்தி போகாமலா இருந்தது? போனது, போக வேண்டிய ஆளுக்குப் போகவில்லை.

மலாவியில் ஒரு திட்டம் இருக்கிறது. அந்த ஊர் மொழியில் 'சிபதாலா ச்ச பா ஃபோனி' என்று பெயர், 'போனில் ஆஸ்பத்திரி' என்று பொருள். 2011-இல் பலாகா மாவட்டத்தில் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு மணிக்கணக்கில் நடக்க வேண்டிய ஊர்கள். காசில்லாமல் கூப்பிட்டால் பயிற்சி பெற்ற ஒருவர் எடுத்து, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, உடனே கிளம்ப வேண்டுமா என்று சொல்வார். போனே இல்லாத வீடுகளை என்ன செய்வது? ஊருக்குள் தன்னார்வலர் ஒருவரிடம் போன் இருக்கும், யாரும் அவரிடம் போய்ப் பேசலாம். படிக்கத் தெரியாதவருக்குப் பேசத் தெரியும் அல்லவா. அது நாடு முழுக்கப் பரவி, சுகாதார அமைச்சகமே ஏற்று நடத்தும் அளவுக்கு வந்தது. புத்தாக்க மையங்கள் எழுதி வைத்த கதைகளில் இதுவும் ஒன்று.

உங்கள் செயலியைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு மாதம் லேப்டாப்பை வைத்துவிட்டு, அந்த மூன்று ஊரில் ஒன்றின் கிராம சுகாதார செவிலியரோடு வெறுங்கையோடு சுற்றுங்கள். அவர் நோட்டுப் புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்தில் என்னென்ன குறி போடுகிறார் என்று பாருங்கள். "ஆடிக்கு அம்மா வீடு" என்று எழுதியிருப்பார், "மாமியாரிடம் சொல்லவும்" என்று எழுதியிருப்பார். உங்கள் செயலியில் அதற்கெல்லாம் இடம் இருக்கிறதா? திறக்க வேண்டியது கர்ப்பிணி இல்லை, அந்தச் செவிலியர்தான் என்று நீங்களே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாலும் ஆச்சரியமில்லை.

கேள்வி: படிக்காதவர்களை வைத்து மருத்துவ வேலை செய்வதைப் புத்தாக்கம் என்று கொண்டாடுவது ஆபத்தில்லையா? ஏழைகளுக்கு மட்டும் ஏன் அரைகுறை ஆள்?
(ஓய்வுபெற்ற மருந்தாளுநர், மதுரை)

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி சார். டாக்டரைப் போட வேண்டிய இடத்தில் போடாமல் தன்னார்வலரைப் போட்டுச் செலவை மிச்சம் பிடிப்பது புத்தாக்கம் இல்லை. அதை யார் செய்தாலும் நான் எதிர்ப்பேன்.

முதல் கேள்விக்கு மகாராஷ்டிரத்தைப் பார்க்கலாம். ஜாம்கேடில் 1970-இல் டாக்டர்கள் ரஜனிகாந்த் ஆரோளேயும் மேபல் ஆரோளேயும், எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களையே ஊர் சுகாதாரப் பணியாளர்களாக உருவாக்கினார்கள். கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் நடத்துகிற 'சர்ச்' (SEARCH) அமைப்பு, பச்சைக் குழந்தையை வீட்டிலேயே பராமரிக்க ஊர்ப் பெண்களைத் தயார் செய்தது. நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அறுபது வரை எண்ணத் தெரியாத பெண் எப்படி எண்ணுவாள்? அதற்கு ஒரு பலகை செய்தார்கள். ஒரு நிமிட மணல் கடிகாரம், கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு வரிசை, அதற்கு மேல் ஒரு வரிசை. மணல் விழுந்து முடிவதற்குள் கடைசி மணி நகர்ந்துவிட்டால் அது நிமோனியா. அந்த வீட்டுப் பராமரிப்பை 39 கிராமங்களில் செய்து, செய்யாத கிராமங்களோடு ஒப்பிட்டு, 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சைக் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது.

அந்தப் பெண்களை அரைகுறை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்குப் பின்னால் பயிற்சி இருந்தது, வந்து மேற்பார்வை செய்கிறவர் இருந்தார், எண்ணிக்கை இருந்தது. இவை இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால் உங்களோடு சேர்ந்து நானும் கேட்பேன். பால் சொசைட்டியில் ஒருமுறை, "நீங்க இல்லாத நாள்ல நானே பி.பி. பார்த்து, போன தடவை எழுதின மாத்திரையக் குடுத்துடட்டுமா?" என்று அந்த நல்ல மனிதர் கேட்டார். பார்க்கக் கற்றுக் கொடுத்தேன். மாத்திரைக்கு முடியாது என்று சொன்னேன். அவருக்கு வருத்தம்தான்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு மூலம் ஊரில் பரிசோதனை முகாம் நடத்த ஆசை. காசுக்குத்தான் வழி தெரியவில்லை. இலவசமென்றால் மதிப்பதில்லை, காசு கேட்டால் வருவதில்லை.
(சுய உதவிக் குழுத் தலைவி, நாகப்பட்டினம்)

சகோதரி, முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கே இலவசமாகக் கிடைப்பதற்கு நீங்கள் உண்டியல் வைக்க வேண்டியதில்லை.

அங்கே கிடைக்காததற்கு ஒரு வழி சொல்கிறேன். சீனாவில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சமூக அமைப்புகளும் சேர்ந்து செய்தது. தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களிடையே பால்வினைத் தொற்றுப் பரிசோதனை குறைவாகவே நடந்தது. கூச்சம், செலவு இரண்டும் காரணம். ஒரு பிரிவினரிடம், "உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் உங்களுக்காகக் காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் விரும்பினால் அடுத்தவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள்" என்றார்கள். கூடவே ஏற்கெனவே வந்தவர்கள் எழுதிய அட்டை. 2020-இல் வெளியான முடிவின்படி அப்படிச் சொன்ன பிரிவில் நூற்றுக்கு சுமார் 56 பேர் பரிசோதித்துக்கொண்டார்கள். வழக்கம்போல் காசு கேட்ட பிரிவில் 18 பேர்தான். பரிசோதித்தவர்களில் பெரும்பாலோர் அடுத்தவருக்கும் கொடுத்தார்கள். அன்னதானத்துக்கு நம் ஊரில் இப்படித்தானே எழுதிப் போடுகிறோம். மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் பரிசோதனை செய்ய மாவட்டத் தலைநகருக்குப் போகிற பஸ் செலவை இப்படித் திரட்டிப் பாருங்கள்.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஆதிவாசி மக்களுக்கான 'அஸ்வினி' மருத்துவமனையின் கதையையும் உங்கள் குழுவில் பேசுங்கள். 1992 முதலே தங்கள் சங்கத்தின் வழியாகச் சிறு தொகை கட்டி மருத்துவக் காப்பீடு நடத்தினார்கள். உங்கள் நாகையிலிருந்து ஒரு நாள் பயணம்தான், நேரில் போய்ப் பார்த்துவிட்டே வரலாம்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் இத்தகைய மையம் தொடங்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அறை, கணினி, பெயர்ப்பலகைக்கு நிதி கிடைத்துவிட்டது. முதலில் என்ன செய்யட்டும்?
(உதவிப் பேராசிரியர், திருச்சிராப்பள்ளி)

அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள் சார், கொஞ்ச நாளைக்கு அது தேவைப்படாது.

யோசனைகளைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது, கணினியில் நிரப்பும் படிவம் மட்டும் வைக்காதீர்கள். பால் சொசைட்டிக்காரர் அதை நிரப்ப மாட்டார். ஒரு போன் நம்பர் கொடுத்து, பேசுவதை உங்கள் மாணவர் கேட்டு எழுதட்டும். தேர்வுக் குழுவில் ஒரு கிராம சுகாதார செவிலியருக்கும் ஓர் அங்கன்வாடிப் பணியாளருக்கும் இடம் கொடுங்கள், அவர்கள் பஸ் காசை அன்றே கையில் கொடுங்கள். பாராட்டு விழா வைத்தால் யோசனை சொன்னவரை மேடையில் உட்காரவையுங்கள், கீழே வரிசையில் வேண்டாம். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் வர வேண்டும். எங்கள் பால் பரிசோதகர் பெயர் எதிலும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அது இன்றும் என் மனதில் முள்ளாக இருக்கிறது.

தோற்றதையும் எழுதுங்கள். நாங்கள் ஏரிக்கரையில் தொடங்கியது, நூறு நாள் வேலை நின்றுபோன மாதங்களில் நின்றுபோனது. அதற்கு நாங்கள் மாற்று யோசித்து வைக்கவில்லை. அடுத்தவர் யோசிப்பார், எழுதி வைத்தால்.

மாணவர்களை நான் மாதம் இரண்டு முறை அந்த ஊருக்கு அழைத்துப் போகிறேன். நீங்களும் வரலாம். வருவதென்றால் காலை ஐந்தரைக்கு வந்துவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.